பட்ட காலிலே ஏன் படுகிறது?

பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும் என்பார்கள். மாடு செத்த வீட்டில் மறு மாதமே பம்புசெட் மோட்டாரும் எரிந்துபோனால், காஞ்சிபுரம் பக்கத்துத் தாமல் டீக்கடையில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிட்டுத்தான் தம்ளரைக் கீழே வைப்பார். மோட்டார் விஷயத்தில் அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் விஷயத்தில் இருக்கிறது. பத்து வயதில் சொந்தக்காரர் ஒருவரால் பாலியல் துன்பத்துக்கு ஆளான பெண், பதினாறு வயதில் வேறொருவனிடம் மறுபடி சிக்கினாள் என்று தெரியவந்தால், இரக்கப்படுகிறவர்கள் "அது தலையெழுத்து" என்பார்கள். மற்றவர்கள் குரலைத் தாழ்த்தி, "ஒரு தடவைன்னா சரி, ரெண்டாவது தடவையும்னா அவ மேலயும் ஏதோ இருக்குல்ல?" என்பார்கள்.

பட்ட காலில் மறுபடி படுவது உண்மைதான். மனநல ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக எண்ணிப் பார்த்தும் அப்படித்தான் வந்திருக்கிறது. எண்ணியவர்கள் அதோடு விடாமல் ஏன் என்றும் கேட்டார்கள். கிடைத்த பதில்களில் தலையெழுத்து இல்லை. அவள் மேல் இருக்கும் அந்த 'ஏதோ'வும் இல்லை. முதல் சம்பவத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளையின் மனதில் என்ன நடக்கிறது, வீடும் பள்ளியும் ஊரும் அவளை என்ன செய்கின்றன என்பதில்தான் பெரும்பகுதி இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 2019-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, அதுவரை நடந்த 80 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளான 12,252 பேர் அவற்றில் இருந்தார்கள். 100 பேரில் ஏறக்குறைய 48 பேருக்குப் பின்னாளில் மறுபடியும் பாலியல் வன்முறை நேர்ந்திருந்தது. பயமுறுத்தும் எண்தான். ஆனால் மீதி 52 பேரையும் பார்க்க வேண்டும். தலையெழுத்தாக இருந்தால் அவர்கள் எப்படித் தப்பினார்கள்? அவர்களுக்குக் கிடைத்தது என்ன, மற்றவர்களுக்குக் கிடைக்காதது என்ன என்பதுதான் பயனுள்ள கேள்வி.

நம் பக்கத்துக் கணக்கும் சிறியதல்ல. சென்னையில் உள்ள 'துளிர்' அமைப்பு 2006-ல் பள்ளிப் பிள்ளைகள் 2,211 பேரிடம் கேட்டதில், 42 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகைப் பாலியல் சீண்டலுக்கு ஆளாகியிருந்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டு வெளியான, மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்விலோ பாதிக்கு மேல். இரண்டிலும் ஆண் பிள்ளைகளின் பங்கு பெண் பிள்ளைகளுக்குக் குறைவாக இல்லை. இதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் "பையனுக்கு என்ன ஆகப்போவுது" என்ற ஒற்றை வாக்கியத்தால் நம் ஊரில் எத்தனையோ பையன்கள் வாய் திறக்காமலே வளர்ந்துவிடுகிறார்கள். இந்தக் கட்டுரையில் 'அவள்' என்று வரும் இடங்களில் பெரும்பாலும் 'அவன்' என்றும் படித்துக்கொள்ளலாம்.

துன்பம் ஒரு வகையில் மட்டும் வருவதில்லை. டேவிட் ஃபின்கெல்ஹோர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் பிள்ளைகளுக்கு நேரும் எல்லா வன்முறைகளையும் ஒரே பட்டியலில் வைத்துக் கேட்டார்: வீட்டில் அடி, பள்ளியில் கேலி, தெருவில் மிரட்டல், பாலியல் சீண்டல், கண்ணெதிரே சண்டை. ஒன்றுக்கு ஆளான பிள்ளை மற்றவற்றுக்கும் ஆளாவது சாதாரணமாக இருந்தது. பல வகையும் சேர்ந்து வந்த பிள்ளைகள்தான் மனதளவில் அதிகம் சேதப்பட்டிருந்தார்கள். நமக்கு இது புதிதல்ல. பட்டுத்தறியில் கொத்தடிமையாக இருந்த பிள்ளைகளைப் பற்றி 2003-ல் ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது. முன்பணத்துக்காகத் தறியில் உட்காரவைக்கப்பட்ட பிள்ளைக்கு அடி, படிப்பு இழப்பு, கடன் பயம் மூன்றும் ஒரே கூரையின் கீழ் வந்தன.

இலங்கையின் தமிழ்ப் பகுதியில் 296 பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்து 2008-ல் வெளியான ஆய்வு இதை இன்னும் துலக்கமாகக் காட்டுகிறது. போரையும் ஆழிப்பேரலையையும் கண்ட பிள்ளைகள் அவர்கள். அவர்களது மனக்காயத்துக்குப் போரும் கடலும் மட்டும் காரணம் என்றுதான் யாரும் நினைப்போம். வீட்டுக்குள் வாங்கிய அடியும் அதே கணக்கில் ஏறியிருந்தது. போரை அதிகம் கண்ட பிள்ளைகளின் வீடுகளிலேயே அடியும் அதிகம். அப்பாவின் குடி அதைக் கூட்டியது. பத்தில் மூன்று பிள்ளைகளுக்கு மருத்துவர்கள் பெயரிட்டுச் சொல்லக்கூடிய அளவுக்கு மனக்காய நோய் இருந்தது. குண்டு விழாத தாமலிலும் குடித்துவிட்டு வரும் அப்பாக்கள் உண்டு.

இனி, ஏன் என்ற கேள்வி.

முதல் காரணம் சொன்னால் சப்பென்று இருக்கும். அதே ஆள், அதே வீடு. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் வரும் வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளைக்கு முன்பே தெரிந்தவர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்லிக்கொண்டே இருக்கிறது. மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அண்ணன், டியூஷன் சார். விஷயம் தெரிந்த பிறகு, "குடும்ப மானம் போயிடும், இனிமே அவன் இந்தப் பக்கம் வரமாட்டான், நான் சொல்லிட்டேன்" என்று பெரியவர்கள் முடித்துவிடுகிறார்கள். தீபாவளிக்கு அந்த ஆள் வருகிறான். காதுகுத்துக்கு வருகிறான். அவனுக்குக் காபி கொண்டுபோய்க் கொடுக்கும்படி அந்தப் பெண்ணிடமே சொல்கிறார்கள். 'மறுபடி நடப்பது' என்று ஆய்வுக் கணக்கில் ஏறுவதில் கணிசமான பகுதி, முதல் முறை நடந்தது நிறுத்தப்படாமல் போனதுதான். இதைப் புரிந்துகொள்ள மனநல ஆய்வே வேண்டியதில்லை.

இரண்டாவது காரணத்தைப் புரிந்துகொள்ள அது வேண்டும். நமக்குள் ஆபத்தை உணர்த்தும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. யாரோ நெருங்கி வந்தால் வயிற்றைப் பிசைவது, உள்ளங்கை வியர்ப்பது எல்லாம் அதன் வேலை. சண்டை போடு, ஓடு என்று அது உடம்பைத் தயார் செய்யும். சின்னப் பிள்ளையால் சண்டை போடவும் முடியாது, ஓடவும் முடியாது; அதுவும் துன்புறுத்துகிறவர் சோறு போடும் வீட்டு ஆளாக இருந்தால். அப்போது உடம்பு மூன்றாவது வழியை எடுக்கிறது: உறைந்துபோகிறது. மனம் அங்கிருந்து நழுவிவிடும். அந்த நேரத்தில் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு யாருக்கோ நடப்பது போல இருந்தது என்று பின்னாளில் பலர் சொல்வது இதைத்தான். தப்பிக்க வழியில்லாத இடத்தில் அது ஒரு பிழைக்கும் தந்திரம். பழகிவிட்டால், தப்பிக்க வழி இருக்கும் இடத்திலும் அதுவே முந்திக்கொண்டு வருகிறது.

வீட்டு நாயை எடுத்துக்கொள்ளுங்கள். குரைக்கும்போதெல்லாம் அடி வாங்கிய நாய் இரண்டு விதமாக ஆகலாம். இலை அசைந்தாலும் குரைக்கும். வீட்டார் சலித்துப்போய்க் காதில் வாங்காமல் விட்டுவிடுவார்கள். அல்லது யார் வேலி தாண்டினாலும் சுருண்டு படுத்திருக்கும். மனக்காயம்பட்ட பிள்ளையின் எச்சரிக்கை உணர்வும் இப்படி இரண்டு பக்கமும் கெடுகிறது. சிலருக்கு வகுப்பில் ஆசிரியர் தோளைத் தொட்டாலும் நடுக்கம். சிலருக்கு உண்மையான ஆபத்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலும் ஒன்றும் தோன்றாது. ஒரே பிள்ளைக்கே இரண்டும் மாறி மாறி வருவதுண்டு.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1999-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் கல்லூரிப் பெண்களுக்கு ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். ஆணும் பெண்ணும் பேசிக்கொண்டிருப்பார்கள். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வற்புறுத்தலாக மாறி வன்முறையில் முடியும். 'இதற்கு மேல் அவன் போகக் கூடாது' என்று தோன்றும் இடத்தில் சொல்ல வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட முறை பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள் மற்றவர்களைவிடத் தாமதமாகவே சொன்னார்கள். 2005-ல் ஆன் டிபிரின்ஸ் என்ற உளவியலாளர் வேறு வழியில் போனார். 'இப்படியானால் அப்படி' என்ற வகைக் கணக்குகளைக் கொடுத்தார். பொதுவான தர்க்கக் கணக்குகளில் எல்லோரும் ஒரே மாதிரிதான் செய்தார்கள். பாதுகாப்பு பற்றியும் மனிதர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தம் பற்றியும் வந்த கணக்குகளில் மட்டும், மறுபடி மறுபடி துன்பப்பட்டவர்கள் தடுமாறினார்கள். அறிவு குறைவதில்லை, குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் அது மங்குகிறது. பின்னால் வந்த எல்லா ஆய்விலும் இந்த வேறுபாடு இதே அளவுக்கு வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் சிலர், "அப்போ அவ உஷாரா இல்லாததுதானே காரணம்?" என்பார்கள். திருட்டுப் போன வீட்டில் குரைக்கவில்லை என்று நாயை யாரும் கைது செய்வதில்லை. குற்றம் வேலி தாண்டியவனுடையது. எச்சரிக்கை உணர்வு ஏன் மங்கியது என்று தெரிந்துகொள்வது அதைச் சரிசெய்ய உதவும். பழியைப் பங்கு போட உதவாது.

மூன்றாவது காரணத்தைத் துன்புறுத்துகிறவர்களிடமிருந்தே கேட்கலாம். 1995-ல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில், குழந்தைகளிடம் பாலியல் குற்றம் செய்த 91 பேரிடம், எப்படிப்பட்ட பிள்ளையைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று ஆய்வாளர்கள் கேட்டார்கள். பதில்களில் திரும்பத் திரும்ப வந்தவை: வீட்டில் பிரச்சினை உள்ள பிள்ளை, தன்னம்பிக்கை இல்லாத பிள்ளை, தனியாக நிற்கும் பிள்ளை. முதல் அடி வாங்கிய பிள்ளை எப்படி இருக்கும்? இந்த மூன்றும்தான். அதற்கு அன்பு தேவைப்படுகிறது, கேட்கத் தெரியவில்லை. ஒருவன் பரிவாக நாலு வார்த்தை பேசி, ரீசார்ஜ் போட்டுக் கொடுத்து, "இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்" என்றால் போதும். சோறு போடுகிறவரே துரோகம் செய்யும்போது பிள்ளை அந்தத் துரோகத்தைப் பார்க்காமல் இருக்கக் கற்றுக்கொள்கிறது, ஏனென்றால் பார்த்தால் சோறு இல்லை என்று ஜெனிஃபர் ஃப்ரெய்ட் என்ற உளவியலாளர் தொண்ணூறுகளில் விளக்கினார். அப்படிப் பார்க்காமல் இருக்கப் பழகிய கண், அடுத்த துரோகியையும் பார்ப்பதில்லை.

நான்காவது காரணத்தில்தான் நம் ஊர் வருகிறது. எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவதும் இதுவே.

விஷயம் வெளியே வந்ததும் நாம் என்ன செய்கிறோம்? பள்ளியிலிருந்து நிறுத்துகிறோம். சைக்கிளைப் பூட்டுகிறோம். போனைப் பிடுங்குகிறோம். "அந்தப் பொண்ணுங்களோட சேராதே" என்கிறோம். அந்தப் பெண்களின் வீடுகளில் "இவளோட சேராதே" என்கிறார்கள். கொஞ்ச நாள் பாட்டி வீட்டுக்கு அனுப்புகிறோம். பாதுகாக்கத்தான் எல்லாம், சந்தேகமில்லை. ஃபின்கெல்ஹோரும் அவருடன் இருந்தவர்களும் 1,467 பிள்ளைகளை ஓராண்டு இடைவெளியில் இரண்டு முறை விசாரித்து 2007-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். முதல் ஆண்டில் பல வகைத் துன்பத்துக்கு ஆளான பிள்ளைகள் இரண்டாம் ஆண்டும் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு மிக அதிகமாக இருந்தது. மீண்டு வெளியே வந்தவர்களிடம் தெரிந்த ஒரு வேறுபாடு, அவர்களுக்கு நல்ல நண்பர்கள் அதிகம் இருந்தார்கள் என்பது. அவ்வளவுதான். நாம் முதல் வேலையாக வெட்டிவிடுவது அதைத்தான்.

தோழிகள் சூழ இருக்கும் பெண்ணைத் தனியாகப் பிடிப்பது கடினம். பஸ் ஸ்டாப்பில் ஒருவன் இரண்டு நாளாக நிற்கிறான் என்றால் முதலில் கவனிப்பவள் தோழி. "ஏய், அந்த ஆளு சரியில்லடி" என்று அவள் சொல்லும்போது, மங்கிப்போன எச்சரிக்கை உணர்வுக்குப் பதிலாக இன்னொருவரின் உணர்வு வேலை செய்கிறது. வீட்டுக்குள் பூட்டி வைக்கப்பட்ட பெண்ணுக்கு அந்த இரண்டாவது ஜோடிக் கண் இல்லை. அவளைத் தொந்தரவு செய்தவன் வீட்டுக்கு வந்துபோகும் சொந்தக்காரனாக இருந்துவிட்டால், பூட்டியது அவளை மட்டும்தான்.

இதைவிட மோசம், "சீக்கிரமா ஒரு கல்யாணத்தப் பண்ணிட்டா எல்லாம் சரியாயிடும்" என்பது. பதினாறு வயதில், என்ன வேண்டும் வேண்டாம் என்று சொல்லும் நாக்கு கட்டிப்போயிருக்கும் பெண்ணை, வெளியே வர வழியில்லாத இன்னொரு வீட்டில் விடுகிறோம். 18 வயதுக்குக் கீழ் உள்ள மனைவியுடன் உறவும் சட்டப்படி வன்புணர்ச்சியே என்று 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு தாலிக்கயிறு வரை வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை.

பள்ளிக்குப் போகாமல் வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், ராத்திரியில் அலறுகிறாள், சாப்பிடுவதில்லை என்றால் நம் பக்கத்தில் "பயந்துக்கிச்சு" என்பார்கள். மந்திரித்து, வேப்பிலை அடித்து, கயிறு கட்டுவார்கள். இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைக்கு ஏதோ நடந்திருக்கிறது என்று பெரியவர்கள் கவனித்துவிட்டார்கள். தொட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்துக்கொள்கிறார்கள். நோயறிதலும் சரியாகவே இருக்கிறது: பயந்துதான் போயிருக்கிறது. எதைக் கண்டு, யாரைக் கண்டு பயந்தது என்ற கேள்வி மட்டும் கேட்கப்படாமல் போகிறது.

சரி, தடுக்க முடியுமா? மறுபடி நேர்வதைத் தடுப்பதற்கென்றே வளரிளம் பெண்களிடம் சோதித்துப் பார்த்த முயற்சிகள் உலகத்திலேயே குறைவு. அவற்றில் ஒன்றை மேலே சொன்ன டிபிரின்ஸ் அமெரிக்காவின் டென்வரில் நடத்தி 2015-ல் வெளியிட்டார். குடும்பத்தில் வதைக்கப்பட்டோ கைவிடப்பட்டோ அரசின் குழந்தை நலத் துறையின் பார்வைக்கு வந்த, 12 முதல் 19 வயது வரையுள்ள 180 பெண்கள். குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவில் ஆண் பெண் உறவில் அதிகாரம் யார் கையில், பொறாமையை அன்பு என்று ஏன் நினைக்கிறோம், சமூகம் பெண்ணிடம் எதை எதிர்பார்க்கிறது என்பதையெல்லாம் பேசினார்கள். இன்னொரு குழுவில் கவனத்துக்கும் உணர்வுக்கும் பயிற்சி. உடம்பில் இப்போது என்ன தோன்றுகிறது என்று கவனிப்பது, அதற்குப் பெயர் வைப்பது, ஓர் இடத்தில் ஆபத்துக்கான அடையாளங்கள் எவை என்று பார்ப்பது, பதற்றத்திலும் மாற்று வழி ஒன்றை யோசிப்பது. அடிபட்ட நாய்க்குக் குரைக்க மறுபடி கற்றுக்கொடுப்பது என்று வைத்துக்கொள்ளலாம்.

பயிற்சி முடிந்து ஆறு மாதம் வரை விசாரித்தார்கள். எந்தப் பயிற்சிக்கும் வராமல் கேள்விகளுக்கு மட்டும் பதில் சொன்ன பெண்களோடு ஒப்பிட்டால், கவனப் பயிற்சிக் குழுவில் மறுபடி பாலியல் வன்முறைக்கு ஆளாகாமல் இருந்ததற்கும் ஆனதற்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய ஐந்து மடங்கு நன்றாக இருந்தது. அடிதடி வன்முறையில் அந்தக் குழுவுக்கு இரண்டு மடங்கு, அதிகாரம் பற்றிப் பேசிய குழுவுக்கு மூன்று மடங்கு. ஒப்பிடப்பட்ட பெண்கள் குலுக்கலில் வந்தவர்கள் அல்ல, தாங்களாகவே பயிற்சிக்கு வராமல் இருந்தவர்கள். ஆகவே ஐந்து மடங்கு என்ற எண்ணை இறுக்கிப் பிடித்துக்கொள்ள நான் சொல்லமாட்டேன். இரண்டு பயிற்சிகளுமே ஏதோ செய்தன, கற்றுக்கொடுத்தால் மாறும் விஷயம் இது என்ற அளவுக்கு எடுத்துக்கொள்வது நியாயம்.

நம் பள்ளிகளில் 'நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்' சொல்லித்தருகிறார்கள். இந்த வகைப் பாடங்களைச் சோதித்த 24 ஆய்வுகளை, 5,802 பிள்ளைகளின் கணக்கை, 2015-ல் ஒரு குழு தொகுத்துப் பார்த்தது. பிள்ளைகளுக்கு விவரம் கூடுகிறது. நடந்ததை வெளியே சொல்வதும் கூடுகிறது என்பதற்கு அறிகுறி உண்டு. பிள்ளைகள் இதனால் பயந்து போவதில்லை. குற்றமே குறைகிறதா என்பதற்கு மட்டும் விடை கிடைக்கவில்லை. நடத்த வேண்டிய பாடம்தான். ஆனால் ஏற்கெனவே அடிபட்ட பிள்ளைக்கு, 'கெட்ட தொடுதல்னா கத்திக்கிட்டு ஓடணும்' என்று மட்டும் சொல்லித்தந்தால், கத்தாமல் உறைந்து நின்ற தன்மீதே அதற்குக் கோபம் வரும். "சில நேரம் உடம்பு அப்படியே நின்னுடும், கத்த முடியாது. அது உங்க தப்பு இல்ல. அப்புறமா சொன்னாலும் போதும், எத்தனை நாள் கழிச்சுச் சொன்னாலும் போதும்" என்று ஆசிரியர் கூடவே இரண்டு வரி சேர்த்துவிட்டால் நன்றாக இருக்கும்.

பிள்ளை சொல்லும் அந்த முதல் நிமிடத்துக்குத் திரும்பத் திரும்ப ஆய்வுகள் வந்து நிற்கின்றன. பிள்ளை முதலில் யாரிடம் சொன்னதோ அவர் நம்பினாரா, பழித்தாரா என்பது பின்னால் காயம் ஆறுவதையும் ஆறாமல் போவதையும் பாதிக்கிறது. துன்புறுத்தியவர் அல்லாத பெற்றோர், பெரும்பாலும் அம்மா, துணை நின்றால் பிள்ளைகள் நன்றாகத் தேறுகிறார்கள். அம்மா வாயில் முதலில் வருவதோ, "ஏண்டி, அப்பவே சொல்லல? உன்ன யாரு அங்க போவச் சொன்னது?" என்பது. அதிர்ச்சியில் வருகிற கேள்விதான். அந்த அம்மாவே தன் பத்து வயதில் யாரிடமும் சொல்லாமல் விழுங்கியவளாக இருக்கலாம். பிள்ளையின் காதில் அது 'தப்பு உன்னுடையது' என்று விழுகிறது. அடுத்த முறை அவள் சொல்லமாட்டாள். "சொன்னியே, நல்லது பண்ண. உன் மேல தப்பில்ல. நான் பாத்துக்கறேன்" என்ற மூன்று வாக்கியம் முதலில் வரட்டும். எங்கே, எப்போது, எத்தனை முறை என்று துருவ வேண்டாம். அதைக் கேட்பதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள், ஒரே ஒரு தடவை கேட்டால் போதும்.

காயத்துக்கு மருத்துவமும் உண்டு. கோஹென், மன்னரினோ, டெப்லிங்கர் என்ற மூவர் உருவாக்கிய பேச்சு சிகிச்சை முறை பிள்ளைகளிடம் அதிகம் சோதிக்கப்பட்டது. முதலில் மூச்சையும் பதற்றத்தையும் அடக்கக் கற்றுத்தருவார்கள். பிறகு நடந்ததைச் சிறிது சிறிதாகச் சொல்லவைத்து, 'என் தப்பு' என்று ஒட்டிக்கொண்டிருக்கும் நினைப்பைப் பிரித்தெடுப்பார்கள். பெற்றோருக்கும் தனியாக உட்கார வேண்டிய நேரம் அதில் உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் அரசு மருத்துவமனையில் இருக்கிறார்கள்; நேரில் போவதற்கு முன்னால் பேசிப் பார்க்க 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு 14417. அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்று புகார்ப் பெட்டியும் வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. அதைத் திறப்பவர் யார் என்று பிள்ளைகள் முதலில் பார்ப்பார்கள். சந்தேகத்துக்குரிய ஆசிரியரோடு தினமும் டீ குடிக்கப் போகிறவர் என்றால் பெட்டி காலியாகவே இருக்கும்.

போலீஸ், கோர்ட் என்றால் குடும்பங்கள் பின்வாங்குவது இயல்பு. நடந்ததைப் பத்துப் பேர் முன்னால் பத்து முறை சொல்வதே பிள்ளைக்கு இரண்டாவது அடியாகிவிடும் என்ற பயம் பொய்யல்ல. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போக்சோ சட்டத்தை எழுதியவர்களுக்கும் அந்தப் பயம் இருந்திருக்கிறது. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வாங்கலாம். கூடியவரை உதவி ஆய்வாளருக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல். இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெண் பிள்ளையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். நீதிமன்றத்தில் வக்கீல் நேராகக் கேள்வி கேட்க முடியாது, நீதிபதி வழியாகத்தான். திரும்பத் திரும்ப வரவழைக்கக் கூடாது. பெயர், படம், பள்ளி எதுவும் பத்திரிகையில் வரக் கூடாது. விசாரணை ஓராண்டுக்குள் முடிய வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. பல வழக்குகள் அதைத் தாண்டிவிடுகின்றன. தெரிந்தும் சொல்லாமல் இருப்பது குற்றம், அண்டை வீட்டாருக்கும் தலைமையாசிரியருக்கும் சேர்த்து. சொல்கிறவரிடம் ஆதாரம் இருக்க வேண்டியதில்லை.

சொல்வதற்கு வேண்டியது 1098 என்ற குழந்தைகள் உதவி எண். தகவல் போனதும் 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்குக் காவல் துறை தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு, துன்புறுத்தியவர் வீட்டுக்குள்ளேயே இருந்தால் பிள்ளையைக் காப்பகத்துக்கு மாற்றுவது பற்றிய பேச்சு வரும். வேறு வழியில்லாத வீடுகளும் உண்டு. ஆனால் நம்பகமான பாட்டியோ அத்தையோ இருந்து, அதே பள்ளி, அதே தோழிகள் தொடர முடியும் என்றால், குழுவின் முன்னால் அதைத் தயங்காமல் கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

வழக்கு முடியும்வரை பிள்ளையோடு கூட நிற்க 'ஆதரவு நபர்' ஒருவரை அந்தக் குழு நியமிக்க வேண்டும். மருத்துவமனைக்கு, காவல் நிலையத்துக்கு, கோர்ட்டுக்குக் கூட வருவது, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று வீட்டுக்குச் சொல்வது, சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் வழிகாட்டுவது அவர் வேலை. குற்றம் சாட்டப்பட்டவர் ஜாமீனில் வெளியே வந்து மறுபடி தெருவில் நிற்கத் தொடங்கினால் முதலில் சொல்ல வேண்டிய ஆளும் அவர்தான். ஆதரவு நபர் வேண்டுமா வேண்டாமா என்பதைப் பெற்றோரின் விருப்பத்துக்கு விட்டுவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் உத்தரவிட்டது. இருந்தும் அப்படி ஒருவர் உண்டு என்பதே தெரியாமல் வழக்கு நடத்துகிற குடும்பங்கள் இருக்கின்றன. அதனால் முதல் நாளே, "எங்க பிள்ளைக்கு ஆதரவு நபர் யாரு?" என்று கேட்டு, அவர் பெயரையும் போன் எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.